நுவரெலியா அடுப்பில் பன்னிரண்டு குழி

பழம் போட்டுக் கேக் சுடுகிறவர்களுக்கு ஒரு சாபம் உண்டு: பழம் வருகிற மாதத்தில் முட்டை கிடைக்காது, முட்டை கிடைக்கிற மாதத்தில் பழம் இருக்காது, இரண்டும் ஒன்றாக வந்துவிட்டால் விறகு நனைந்திருக்கும். அடுப்புக் கதவுக்கு முன்னால் குந்தியிருந்து சாமியைக் கூப்பிட்டவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. நீங்களும் என் கட்சிதான்.

நான் பன்னிரண்டு வருஷம் நுவரெலியாவில் ஒரு விடுதிக் குசினியில் வேலை பார்த்தவள். பெயர் பாக்கியம். ஏழு அறை உள்ள சின்ன விடுதி அது. நடத்தியவர் ஒரு பறங்கிய விதவை. நாங்கள் எல்லாரும் நோனா என்று கூப்பிடுவோம். அதற்கு முன்னால் டயகமப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தேன். சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். ஒரு நாள் கொழுந்து நிறுக்கும் இடத்தில் கணக்கப்பிள்ளையோடு வாய் கொடுத்தேன். வேலைக் கணக்கிலிருந்து என் பேரையும் வெட்டினார்கள், ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரர் சுப்பையாவின் பேரையும் வெட்டினார்கள். பேர் போனால், தோட்டத்தில் குடியிருக்கக் கொடுத்த லயத்துக் காம்பராவும் போய்விடும். நோனாதான் அவரைத் தோட்டவேலைக்கும் என்னைப் பாத்திரம் கழுவவும் எடுத்துக்கொண்டு, குசினிக்குப் பின்னால் ஓர் அறையும் கொடுத்தார். அந்த அறையை விட்டால் எங்களுக்கு வேறு கூரை கிடையாது. இதை மனதில் வைத்துக்கொண்டு மற்றதைக் கேளுங்கள்.

பொங்கி அமுங்கியது

ஏப்ரல் சீசன் தொடங்க மூன்று நாள் இருக்கும்போது, இருந்த சமையல்காரர் ஒரு பெரிய ஹோட்டலில் இடம் கிடைத்துப் போய்விட்டார். நோனா குசினி நடுவில் கையைப் பிசைந்துகொண்டு நின்றார். சோறு கறி நான் ஆக்கிவிடுவேன். கஷ்டம் என்னவென்றால், அந்த வருஷம் புதிதாக மஃபின் தருகிறோம் என்று வருகிறவர்களுக்கெல்லாம் நோனா கடிதம் எழுதிவிட்டார். அமெரிக்காவுக்குக் கப்பலேறிய அவருடைய தங்கச்சி, பன்னிரண்டு குழி உள்ள ஒரு தகரத் தட்டையும் செய்முறை எழுதிய கடிதத்தையும் அனுப்பியிருந்தாள். பஜாரில் பிற்பாடு அதற்குக் கிண்ணக் கேக் என்று பெயர் விழுந்தது. அப்போது எனக்கு அதன் பெயரையே சொல்ல வராது.

நோனா ஆங்கிலத்தில் படித்துத் தமிழில் சொல்ல, நான் மாவு கலந்து, கீழ்வீட்டு மெனிக்கே கொண்டுவந்த ஸ்ட்ரோபெரியை நறுக்கிப் போட்டேன். மெனிக்கே எங்களுக்குப் பழம் கொடுக்கிற சிங்களப் பெண். அடுப்புக்குள் பன்னிரண்டும் காளானாக எழும்பின. நோனா கைதட்டினார். தட்டி முடிப்பதற்குள் பன்னிரண்டும் நடுவில் குழி விழுந்து அமுங்கிவிட்டன. இரண்டாவது தட்டும் அப்படியே. மூன்றாவது தட்டைப் பார்த்துவிட்டு நோனா நாற்காலியில் உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு எங்கள் அறைதான் ஞாபகம் வந்தது. இரண்டு சட்டி, ஒரு பாய், ஒரு கம்பளி. கட்டுவதற்குக் கால்மணி நேரம் போதும்.

ஆப்பத்துக்குச் சோடா கூடினாலும் இப்படித்தானே குழி விழும் என்று தோன்றியது. நோனாவைக் கேட்கவில்லை. கடிதத்தில் சொன்ன பேக்கிங் பவுடரில் பாதிக்குக் கொஞ்சம் கூட எடுத்துக்கொண்டு, அடுப்பில் இரண்டு விறகு அதிகமாகத் தள்ளினேன். நாலாவது தட்டு எழும்பியது எழும்பியபடி நின்றது. ஈர்க்கைக் குத்திப் பார்த்தேன், சுத்தமாக வந்தது. மலை உயரத்தில் காற்று லேசு, அதனால் மாவு அவசரப்பட்டுப் பொங்கும் என்று பிற்பாடு விடுதிக்கு வந்த ஒரு இஞ்சினியர் சொன்னார். அன்றைக்கு நோனா ஒன்றைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டு இவ்வளவுதான் சொன்னார்: “பாக்கியம், என் தங்கச்சி ஊர்ல மலையே இல்ல. இதை அவளுக்கு எழுதணும்.”

பச்சை

வேலியோரம் மல்பெரி பழுத்துக் கிடந்த காலம். பேக்கிங் பவுடர் தீர்ந்துபோய், பஜாரில் வருவதற்கு இன்னும் இரண்டு நாளாகும் என்றார்கள். வெறும் ஆப்பச்சோடாவையே போட்டு, கறுகறுவென்ற பழத்தை அள்ளிக் கலந்தேன். மேலே நல்ல பொன்னிறம். பெருமையாகத் தேநீர் மேசைக்கு அனுப்பிவைத்தேன்.

அன்றைக்கு விருந்தாளி யாழ்ப்பாணத்து டாக்டர் ஐயா ஒருவரும் அவருடைய மனைவியும். அந்த அம்மா ஒன்றைப் பிட்டார். உள்ளே பழத்தைச் சுற்றிப் பச்சை. கொழுந்துப் பச்சை அல்ல. செம்புப் பாத்திரத்தில் களிம்பு பிடிக்குமே, அந்தப் பச்சை. “இதைத் திண்டால் நாங்கள் திரும்ப வீடு போய்ச் சேரமாட்டம்” என்று சொல்லித் தட்டைத் தள்ளிவிட்டாராம். நோனா என்னைக் கூப்பிட்டார். பாத்திரம் கழுவின கையோடு விருந்தாளிகள் சாப்பிடும் அறைக்குள் நான் முதல்முதலாகப் போனது அன்றைக்குத்தான். எனக்கு விளக்கம் சொல்லத் தெரியவில்லை. விஷம் வைத்தவள் என்ற பேரோடு வெளியே போகக்கூடாது என்பது மட்டும் தெரிந்தது. தட்டிலிருந்து ஒன்றை எடுத்து, அவர்கள் முன்னாலேயே நின்று, முழுசையும் தின்றேன். யாரும் தண்ணீர் தரவில்லை.

டாக்டர் ஐயா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு மிச்சத்தைக் கிளறிப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். “உதுக்குள்ள சோடா கூடிப்போச்சு. அதுதான் பழத்தின்ர நிறம் மாறியிருக்கு, வேற ஒண்டுமில்லை” என்றார் மனைவியிடம். என் பக்கம் திரும்பி, ஒரு நிமிஷம் என் முகத்தையே பார்த்துவிட்டுச் சொன்னார்: “பிள்ளை, நீ இன்னும் சாகேல்லை எண்டால் எனக்கும் ஒண்டு தா.”

எறும்பு

பெஷன் பழச் சீசனில் அதன் சின்னக் கறுப்பு விதையை வடிகட்டாமல் போடுவேன். கடிக்கும்போது நறுக்கென்று இருக்கும், எனக்கு அது பிடிக்கும். கொத்மலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரிய கிளாக்கராக இருந்த ஒரு வயசாளி, கண் டாக்டரைப் பார்க்க வந்து எங்களிடம் ஒரு நாள் தங்கினார். கிண்ணக் கேக்கைக் கையில் எடுத்து, முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய், உள்ளே இருந்த கறுப்புப் புள்ளிகளை வெகுநேரம் பார்த்தார். முழுவதையும் சாப்பிட்டார். இன்னொன்றும் சாப்பிட்டார். போகும்போது குசினி வாசலில் நின்று, நான் மனம் நோகக்கூடாது என்று குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்: “எறும்பு தின்னா கண்ணுக்கு நல்லதுன்னு எங்க ஆத்தாவும் சொல்லும். இருந்தாலும் ஒரு ஆளுக்கு இம்புட்டு வேணாம்மா.”

ஒரு கொட்டை

பிளம்ஸ் சீசன். மஸ்கெலியாவிலிருந்து ஒரு தோட்டத்து வெள்ளைக்காரச் சின்னத் தொரையும் தொரைசாணியும், நாலு வயசுப் பெண் குழந்தையும் வந்திருந்தார்கள். நான் பிளம்ஸ் பழங்களைக் கொட்டை எடுத்து நறுக்கிப் போட்டிருந்தேன். எல்லாவற்றிலும் எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன்.

சாப்பாட்டு அறையிலிருந்து நாற்காலி விழும் சத்தம் கேட்டது. பிறகு தொரைசாணியின் அலறல். ஓடிப்போய்ப் பார்த்தால் பிள்ளை வாயைத் திறந்திருக்கிறது, சத்தம் வரவில்லை. உதடு நீலம் பூத்திருந்தது. தொரை அதற்குத் தண்ணீர் கொடுக்கப் பார்த்தார். நான் அவர் கையைத் தட்டிவிட்டேன். தொரையின் கையைத் தட்டிவிட்டேன் என்பதே பிறகுதான் எனக்கு உறைத்தது. பிள்ளையைத் தூக்கி, என் முழங்கால்மேல் தலைகீழாகக் கவிழ்த்து, தோளுக்கு நடுவில் உள்ளங்கையால் ஓங்கித் தட்டினேன். என்னுடைய முதல் பிள்ளை லயத்தில் பிறந்தபோது தோட்டத்து மருத்துவச்சி அப்படித்தான் கவிழ்த்துப் பிடித்துத் தட்டினாள். அந்தப் பிள்ளை அழவே இல்லை. நான் அதுவரை யாரையும் அப்படித் தட்டியதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று. நாலாவது தட்டில் ஏதோ தரையில் விழுந்து உருண்டது. பிளம்ஸ் கொட்டை. பிள்ளை மூச்சை இழுத்து வீரிட்டது. அவ்வளவு இனிமையான அழுகையை நான் கேட்டதில்லை.

தாயிடம் பிள்ளையைக் கொடுத்துவிட்டு நான் நேராக அறைக்குப் போய்ச் சட்டிகளைக் கட்டினேன். தப்பு என்னுடையது. யாராவது வந்து போகச் சொல்கிற வரைக்கும் காத்திருக்க விரும்பவில்லை. என் வீட்டுக்காரர் மண்வெட்டியைச் சாத்திவிட்டு வந்து, என்ன ஏது என்று கேட்காமல் பாயைச் சுருட்டத் தொடங்கினார். அப்போது கதவில் நிழல் விழுந்தது. தொரைசாணி, இடுப்பில் பிள்ளையோடு. இரண்டு பேருக்கும் கண் சிவந்திருந்தது. மூட்டையையும் என்னையும் பார்த்தார். எதற்கு மூட்டை என்று அவருக்குப் புரியவில்லை என்றுதான் நினைக்கிறேன். பங்களாத் தமிழில் மெதுவாகச் சொன்னார்: “பாப்பாவுக்கு இன்னொண்ணு வேணுமாம். கொட்டை இல்லாம.”

நாற்பது பழம், முப்பத்தொன்பது கொட்டை

அதற்குப் பிறகு பிளம்ஸ் வந்தால் நான் எண்ணாமல் வேலை செய்யமாட்டேன். பழத்தை எண்ணிக் கூடையில் போடுவேன், கொட்டையை எண்ணிப் பீங்கானில் போடுவேன். இரண்டும் ஒத்துவந்தால்தான் மாவு அடுப்புக்குப் போகும். ஒரு தடவை மாத்திரம் விறகுக்காரன் வந்து குறுக்கே பேச்சுக் கொடுத்ததில், பழத்தை எண்ணியவள் கொட்டையை எண்ணாமல் தட்டை அடுப்பில் வைத்துவிட்டேன். கேக் மேசைக்குப் போன பிறகு ஞாபகம் வந்து எண்ணினேன். நாற்பது பழம். கொட்டை முப்பத்தொன்பது. திரும்ப எண்ணினேன். முப்பத்தொன்பதுதான்.

சாப்பாட்டு அறையில் அன்றைக்கு இருபது பேர். நான் உள்ளே ஓடி, இரண்டு கையையும் தூக்கி, “யாரும் வாய்ல வெக்காதீங்க!” என்று கத்தினேன். வெள்ளைக்காரர்களுக்குப் புரியவில்லை, ஆனால் என் முகத்தைப் பார்த்துவிட்டு எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள். நோனா வந்து விஷயத்தைக் கேட்டு, ஆங்கிலத்தில் சொன்னார். ஒவ்வொருவரும் தன் தன் கேக்கைத் துண்டு துண்டாகப் பிய்த்தார்கள். கொழும்பிலிருந்து வந்த ஒரு வக்கீல் முள்ளுக்கரண்டியால் தோண்டிப் பார்த்தார். இருபது பேரும் பிய்த்து முடித்தும் கொட்டை இல்லை. யாராவது அதற்குள் விழுங்கிவிட்டார்களா என்று நோனா ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார்.

அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் பூச்சாடிக்குப் பூ கொண்டுவந்தார். ஒரு கன்னம் உப்பியிருந்தது. காலையில் குசினிப் பக்கம் வந்தபோது பீங்கானிலிருந்து சதை ஒட்டியிருந்த கொட்டை ஒன்றை எடுத்து வாயில் அடக்கிக்கொண்டு போயிருக்கிறார். அப்போதிருந்து சூப்பிக்கொண்டே புல் வெட்டியிருக்கிறார். மேசையெல்லாம் தூளாகக் கிடந்ததையும், எல்லாரும் தன்னையே பார்ப்பதையும் பார்த்துவிட்டு, கொட்டையை இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னத்துக்கு மாற்றிக்கொண்டு என்னிடம் கேட்டார்: “என்னா புள்ள, கேக்கு நல்லா வரலியா?”

மெனிக்கேயின் கூடை

ஒரு வருஷம் நாட்டில் தமிழர்களுக்கு எதிராகக் கலவரம். நுவரெலியாவில் பஜார் மூடிக் கிடந்தது. ரோட்டில் ஆள் நடமாட்டம் இல்லை. நோனா முன்கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டு, எங்கள் இரண்டு பேரையும் வெளியே தலைகாட்டவேண்டாம் என்று சொல்லிவிட்டார். விருந்தாளிகளும் இல்லை. இரண்டு நாள் நான் அடுப்பு மூட்டவில்லை. வேலை இல்லாமல் உட்கார்ந்திருந்தால் பயம் இன்னும் பெரிதாகிறது.

மூன்றாம் நாள் காலையில் பின்கதவைத் தட்டினார்கள். என் வீட்டுக்காரர் கையில் செடி வெட்டுகிற கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டார். நான் ஜன்னல் இடுக்கால் பார்த்தேன். மெனிக்கே. தலையில் சாக்கு, இடுப்பில் கூடை, கூடை நிறைய மரத்தக்காளி. கீழ்வீட்டிலிருந்து எங்களிடம் வர அவள் ரோட்டைக் கடந்துதான் ஆகவேண்டும். எங்கள் வீட்டுக்கு வருவதை யாராவது பார்த்திருந்தால் அவளுக்கும் கஷ்டம்தான். கதவைத் திறந்து உள்ளே இழுத்து, “ஏன் வந்தீங்க அக்கா, இந்த நேரத்துல?” என்று கேட்டேன். அவள் தோளில் முகத்தை வைத்துக்கொண்டேன். அவள் என்னைத் தள்ளி நிறுத்தி, ஒரு பழத்தை எடுத்து அழுத்திப் பார்க்கச் சொன்னாள். சரியான பக்குவம். அவளுக்குத் தெரிந்த தமிழில் சற்றுக் கோபமாகவே சொன்னாள்: “கலபலன்னு சொன்னா பழம் பழுக்காம நிக்குமா?”

பேரிக்காய்ச் சாயங்காலம்

எனக்கு இரண்டாவது பிள்ளை உண்டானபோது கல்யாணமாகிப் பதினோரு வருஷம். முதல் பிள்ளைக்குப் பிறகு இனி இல்லை என்றே இருந்துவிட்டோம். மழைக்காலம், பேரிக்காய்ச் சீசன். அன்றைக்கு நாலு மணிக்கு ஒரு ஞானஸ்நான விருந்துக்கு மூன்று தட்டு கிண்ணக் கேக் சொல்லியிருந்தார்கள். இரண்டு மணிக்கு மாவு சலித்துக்கொண்டிருந்தபோது வலி எடுத்தது. நாள் இன்னும் பத்து இருந்தது. என் வீட்டுக்காரர் மழையில் ஓடி மருத்துவச்சியைக் கூட்டிவந்தார். நோனா என்னை அறைக்குள் படுக்கவைத்துவிட்டு, தன் மேல்சட்டைக் கையை மடித்துக்கொண்டு குசினிக்குப் போனார். அத்தனை வருஷத்தில் அவர் கடிதத்தைப் படித்ததுண்டு, அடுப்பைத் தொட்டதில்லை.

குசினிக்கும் அறைக்கும் இடையில் என் வீட்டுக்காரர்தான் தபால்காரர். “நோனா கேக்குறாங்க, பேரிக்காய் கல்லாட்டம் இருக்குதாம், அப்படியே போடலாமா?” “சீனித் தண்ணியில வேகவெச்சுப் போடச் சொல்லுங்க!” போவார். வருவார். “அடுப்புச் சூடு எப்புடிப் பாக்குறதாம்?” “கடுதாசித் துண்டு ஒண்ணு வெக்கச் சொல்லுங்க, பழுப்பு நெறம் வந்தா சரி, கருகினா விறகை இழுக்கணும், ஐயோ, அம்மா!” மருத்துவச்சிக்குப் பொறுமை போய்விட்டது. “இங்க புள்ள பொறக்கப் போவுது, நீங்க கேக்கு கேக்குன்னு வாரீங்க” என்று அவரை வெளியே தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

பிள்ளை பிறந்தது. அழவில்லை. மருத்துவச்சி அதைத் தலைகீழாகப் பிடித்தாள். நான் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன். மழைச் சத்தம் மட்டும் கேட்டது. குசினியில் கரண்டிச் சத்தமும் நின்றுவிட்டது. கதவுக்கு வெளியே என் வீட்டுக்காரர் மூச்சு விடுவது எனக்குக் கேட்டது. பக்கத்திலேயே இன்னொருவருடைய மூச்சும். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு பூனைக்குட்டி கத்துவதுபோல ஒரு சின்னச் சத்தம். அதன் பின்னால் ஊரைக் கூட்டும் அழுகை. வெளியே என் வீட்டுக்காரரும் சேர்ந்து அழுதார். நான் சுவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

மருத்துவச்சி கதவைத் திறந்தபோது நோனாவும் அங்கேதான் நின்றார். மழையில் தொப்பலாக நனைந்து, நெற்றியில் கரி, கையில் அடுப்புத் துணி. என் சத்தம் நின்றதைக் கேட்டுக் கேக்கை அடுப்போடு விட்டுவிட்டு ஓடிவந்தவர், அழுகை கேட்கிற வரைக்கும் அந்த இடத்தைவிட்டு அசையவில்லையாம். குசினியிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. பாண் ரொட்டி, வெண்ணெய், வாழைப்பழத்தோடு அந்த ஞானஸ்நான விருந்து நடந்து முடிந்தது. நோனா குனிந்து, துணியில் சுற்றிய என் மகளை வெகுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: “பாக்கியம், பிள்ளை ரொம்ப நல்லா வந்திருக்கு. கேக்குதான் கருகிப் போச்சு.”

அந்த அடுப்பில் சரியாக வந்ததையெல்லாம் பெரிய மனிதர்கள் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள், சரியாக வராததையெல்லாம் தின்று என் மகள் வளர்ந்தாள், எனக்குத் தெரிந்தவரை எல்லாரிலும் நல்ல ஆரோக்கியமாக இருக்கிறவள் அவள்தான்.